கண்ணுக்குத் தெரியாத கொள்ளைக்காரன்

இறால் குட்டைகளைச் சூறையாடும் வைரஸை மைக்ராஸ்கோப் காட்டிக் கொடுத்த கதை

விடிந்தும் விடியாத நேரம். உப்பளங்களுக்குப் பக்கத்தில் ஓர் இறால் பண்ணை. கையில் டார்ச் விளக்குடன் குட்டையின் கரையைச் சுற்றி வருகிறார் பண்ணைக்காரர்.

முதல் நாள் மாலையில் வைத்த தீனி, தட்டில் அப்படியே கிடக்கிறது. இறால்கள் அதைத் தொடவே இல்லை. தண்ணீரின் அடியில் திரிய வேண்டியவை, கரையோரமாக வந்து சோர்ந்து கிடக்கின்றன. ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறார். உடம்பு சிவந்திருக்கிறது. தலை ஓட்டின் மேல் சுண்ணாம்பைத் தெளித்தது போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்!

அவருடைய நெஞ்சு திக்கென்கிறது.

சில நாட்களில் குட்டை காலி. குஞ்சு வாங்கிய பணம், தீனிக் கடன், டீசல் செலவு, மாதக்கணக்கில் கண் விழித்த உழைப்பு எல்லாம் போயின. செத்த இறாலை வாரிப் புதைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இது ஒரே ஒரு பண்ணையின் கதை அல்ல. 1994-ம் ஆண்டிலும் அதை அடுத்து வந்த ஆண்டுகளிலும், ஆந்திரம் முதல் தமிழ்நாடு வரை கிழக்குக் கடற்கரைப் பண்ணைகள் பலவற்றில் கண்ட காட்சி இது. பூட்டை உடைக்காமல், வேலியைத் தாண்டாமல், காவல்காரன் கண் எதிரிலேயே ஒரு கொள்ளைக்காரன் குட்டைக்குள் புகுந்து விட்டான். அவன் யார்? எப்படிப் புகுந்தான்? எந்த வழியாகப் பரவினான்?

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது போலீஸ் அல்ல. மைக்ராஸ்கோப்!

முத்து போனது, இறால் வந்தது

தூத்துக்குடி என்றதும் முன்பெல்லாம் நினைவுக்கு வந்தது முத்துதான். கடலுக்கடியில் சிப்பிகள் மண்டிக் கிடக்கும் இடங்களுக்குப் 'பார்' என்று பெயர். அங்கே மூச்சை அடக்கிக் கொண்டு மூழ்கிச் சிப்பி எடுத்து வந்தார்கள். மன்னார் வளைகுடாவின் நம் பக்கத்துக் கரையில் 1955-ம் ஆண்டு முதல் 1961-ம் ஆண்டு வரை முத்துக் குளிப்பு நடந்தது. அதன் பிறகு அந்தத் திருவிழா நின்று போயிற்று.

முத்து போன இடத்தில் இறால் வந்தது. விசைப்படகுகள் பிடித்து வரும் இறாலும், கரையில் குட்டை வெட்டி வளர்க்கும் இறாலும் தொழிற்சாலைகளில் உறைய வைக்கப்படுகின்றன. பிறகு துறைமுகம் வழியாகக் கப்பலேறி வெளிநாடு போகின்றன. தோல் உரிக்கும் பெண்கள், ஐஸ் உடைப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள், பெட்டி கட்டுபவர்கள் என்று எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு இதனால் எரிகிறது.

ஆகவே இறாலுக்கு வரும் நோய், இறாலோடு நின்று விடுவதில்லை. அது அடுப்பங்கரை வரை வந்து விடுகிறது.

ஊர் ஊராக வந்த நோய்

இந்த நோய்க்கு 'வெண்புள்ளி நோய்' என்று பெயர். 1992-ம் ஆண்டு வாக்கில் தைவானிலும் சீனாவிலும் இது தலை காட்டியது. 1993-ல் ஜப்பானுக்குப் போயிற்று. 1994-ல் இந்தியாவுக்கு வந்தது. 1999-ல் தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடார் நாட்டு இறால் பண்ணைகளை அழித்தது. நெடுங்காலம் தப்பியிருந்த ஆஸ்திரேலியாவிலும் 2016-ல் குவீன்ஸ்லாந்துப் பண்ணைகளில் புகுந்து விட்டது.

நோய் கண்ட குட்டையில் 3 நாள் முதல் 10 நாளுக்குள் அத்தனை இறாலும் சாகக் கூடும். ஒன்று கூட மிஞ்சாமல் போவதும் உண்டு!

ஆரம்பத்தில் பலருக்குப் பல சந்தேகம். தண்ணீர் கெட்டதா? தீனியில் விஷமா? உப்பு கூடிப் போயிற்றா? ஒன்றும் புரியவில்லை. செத்த இறாலை விஞ்ஞானிகள் ஆராய்ச்சிச் சாலைக்கு எடுத்துச் சென்றார்கள். அங்கேதான் உண்மை வெளிப்பட்டது. குற்றவாளி ஒரு வைரஸ்!

கடுகும் முக்கால் கிலோமீட்டர் இறாலும்

வைரஸ் என்பது எவ்வளவு சிறியது?

அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சிறு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே உள்ள தூரம். அந்தச் சிறு இடத்தில் வெண்புள்ளி வைரஸ்களைத் தலையும் வாலுமாக வரிசையாகப் படுக்க வைத்தால் 3,000-க்கு மேல் படுக்கலாம்!

இன்னொரு விதமாகப் பார்ப்போம். இந்த வைரஸை ஒரு கடுகு அளவுக்குப் பெரிதாக்கி விட்டோம் என்று வைத்துக் கொள்வோம். இறாலையும் அதே கணக்கில் பெரிதாக்கினால், ஒரு சாண் நீளம் கூட இல்லாத இறால் முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு வளர்ந்து நிற்கும். அத்தனை பெரிய இறாலை இந்தச் சின்னஞ்சிறு கடுகு கொன்று விடுகிறது!

எப்படிக் கொல்கிறது? அதற்கு முதலில் உயிரணுவைப் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டும்.

வீடு செங்கல்லால் ஆனது போல, மனிதன், மாடு, மரம், இறால் எல்லாமே உயிரணுக்களால் ஆனவை. ஒவ்வோர் உயிரணுவும் ஒரு சிறிய அச்சகம் போன்றது. அதன் நடுவே 'உட்கரு' என்ற அறை இருக்கிறது. உடம்புக்கு வேண்டிய கட்டளைகள் எல்லாம் அந்த அறையில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்தைப் பார்த்துத்தான் உயிரணு வேலை செய்கிறது.

வைரஸுக்குச் சொந்தமாக அச்சகம் கிடையாது. அதனிடம் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு மட்டுமே. அந்தச் சீட்டில் "என்னைப் போலவே இன்னும் ஆயிரம் செய்" என்று எழுதியிருக்கிறது. உயிரணுவுக்குள் புகுந்து, சீட்டை நீட்டுகிறது. பாவம், உயிரணுவுக்கு வேற்றுமை தெரிவதில்லை. தன் வேலையை விட்டு விட்டு வைரஸை அச்சடிக்கத் தொடங்கி விடுகிறது!

வலைக்கம்பும் கடல் அலையும்

இதையெல்லாம் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாதா?

முடியாது. காரணம் கண்ணாடியின் குறை அல்ல. வெளிச்சத்தின் குறை!

தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்று பார்த்தால் இது விளங்கும். கடல் அலை பெரிய கல்லணையில் மோதினால் திரும்பி விடுகிறது. அணைக்கு அப்பால் தண்ணீர் அமைதியாக இருக்கிறது. அலையைப் பார்த்தே 'இங்கே ஏதோ தடை இருக்கிறது' என்று சொல்லி விடலாம். அதே அலை, கடலில் நட்ட ஒரு வலைக்கம்பில் மோதினால் என்ன ஆகிறது? ஒன்றும் ஆவதில்லை. கம்பு இருப்பதையே பாராட்டாமல் அலை சுற்றிக் கொண்டு போய் விடுகிறது.

வெளிச்சமும் ஓர் அலைதான். அந்த அலையை விட மிகச் சிறிய பொருள் எதிரில் இருந்தால், வெளிச்சம் அதைக் கண்டு கொள்ளாமல் போய் விடும். ஜெர்மானிய விஞ்ஞானி எர்ன்ஸ்ட் அபே 1873-ம் ஆண்டிலேயே இதைக் கணக்குப் போட்டுச் சொன்னார். ஒரு மில்லிமீட்டரை 5,000 பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அதுதான் எல்லை. அதை விடச் சிறியவற்றின் உருவம் சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெளிவாகத் தெரியாது. வெண்புள்ளி வைரஸின் பருமன் அந்த எல்லைக்கும் கீழே!

இருந்தாலும் சாதாரண மைக்ராஸ்கோப் ஒரு துப்புக் கொடுத்தது. செத்த இறாலின் செவுளையும் தோலையும் மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். உட்கருக்கள் அளவுக்கு மீறி வீங்கிப் போயிருந்தன. திருடன் தெரியவில்லை. ஆனால் வீட்டுக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்பது தெரிந்து விட்டது.

அண்ணன் செய்த கருவி, தம்பி கண்ட வைரஸ்

வெளிச்ச அலை பெரிது என்றால், அதை விடச் சிறிய அலையைத் தேடினால் என்ன? இந்தக் கேள்விதான் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைப் பிறப்பித்தது.

1931-ம் ஆண்டு ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்கா என்ற இளைஞரும் மாக்ஸ் நோல் என்ற அறிஞரும் வெளிச்சத்துக்குப் பதிலாக எலெக்ட்ரான்களைப் பயன்படுத்தினார்கள். எலெக்ட்ரான் என்பது மின்சாரத்தின் நுண்ணிய துகள். அது ஓடும்போது அலை போலவும் நடந்து கொள்ளும். அந்த அலை, வெளிச்ச அலையை விட லட்சம் மடங்குக்கும் மேல் சிறியது. கண்ணாடி வில்லைக்குப் பதில் காந்தச் சுருள்கள் அந்த எலெக்ட்ரான்களை வளைத்துக் குவிக்கின்றன.

எர்ன்ஸ்ட் ருஸ்காவின் தம்பி ஹெல்மூட் ருஸ்கா ஒரு டாக்டர். அண்ணன் செய்த கருவியால் நோய்க் கிருமிகளைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவரும் அவருடைய நண்பர்களும் 1939-ல் வைரஸைப் படம் பிடித்துக் காட்டினார்கள். அது புகையிலைச் செடியின் இலையில் தேமல் உண்டாக்கும் வைரஸ். பார்ப்பதற்குச் சிறு குச்சி போல இருந்தது. அண்ணனுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1986-ல். 55 ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய பரிசு அது!

நம் நாட்டிலும் இப்படி ஒரு படம் எல்லோருடைய கண்ணையும் இழுத்தது. 2020-ம் ஆண்டு ஜனவரியில் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டார் அல்லவா? அந்தத் தொண்டைச் சளியில் இருந்த வைரஸைப் புனாவில் உள்ள தேசிய வைராலஜி நிலையத்தார் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் பிடித்து, 2020 மார்ச்சில் வெளியிட்டார்கள். சுற்றிலும் முள் முளைத்த உருண்டை!

உட்கருவுக்குள் நடந்த கொள்ளை

அந்தக் கருவியின் கீழே இறாலை வைத்தார்கள்.

முழு இறாலை வைக்க முடியாது. எலெக்ட்ரான் ஊடுருவிச் செல்ல வேண்டுமானால் பொருள் மிக மிக மெல்லியதாக இருக்க வேண்டும். ஆகவே செவுளின் ஒரு துணுக்கைப் பிசினில் பதித்து இறுக வைக்கிறார்கள். பிறகு வைரக் கத்தியால் சீவுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள துணுக்கிலிருந்து 10,000-க்கும் மேற்பட்ட சீவல் எடுக்கும் அளவுக்கு அத்தனை மெல்லிய சீவல்!

பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். வீங்கிய உட்கருவுக்குள் வைரஸ்கள் கட்டுக் கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கிடங்கில் அடுக்கிய மூட்டைகளைப் போல! ஒவ்வொன்றும் நீள் உருண்டை வடிவம். ஒரு முனையில் நூல் போன்ற ஒரு வால். அந்த நூலை வைத்தே இந்த வைரஸின் குடும்பத்துக்கு விஞ்ஞானிகள் 'நிமாவிரிடே' என்று பெயரிட்டார்கள். லத்தீன் மொழியில் நூலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

படங்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது கொள்ளையின் கதை முழுவதும் தெரிந்தது.

நோயால் செத்த இறாலை மற்ற இறால்கள் தின்கின்றன. வைரஸ் வாய் வழியாக உள்ளே போகிறது. தண்ணீரில் மிதக்கும் வைரஸ் செவுள் வழியாகவும் புகுகிறது. உயிரணுவின் சுவர் அதைத் தானே உள்ளே இழுத்துக் கொள்கிறது. வைரஸ் நேராக உட்கருவுக்குப் போகிறது. சீட்டை நீட்டுகிறது. அச்சடிப்பு தொடங்குகிறது. உட்கரு வீங்குகிறது. கடைசியில் வெடிக்கிறது. உள்ளே அடைந்து கிடந்த வைரஸ்கள் அத்தனையும் வெளியே பாய்ந்து பக்கத்து உயிரணுக்களைப் பிடிக்கின்றன. இறாலின் ரத்தத்தில் கலந்து செவுள், தோல், இரைப்பை என்று உடம்பெங்கும் போகின்றன.

ஒன்று பலவாகி, பல பல்லாயிரமாகி, இறாலே ஒரு வைரஸ் மூட்டை ஆகி விடுகிறது. அதைத் தின்னும் அடுத்த இறாலுக்கும் அதே கதி.

இதிலிருந்து பண்ணைக்காரர்களுக்குக் கிடைத்த பாடம் முக்கியமானது. வெள்ளைப் புள்ளி தெரிந்த அன்று நோய் ஆரம்பமாகவில்லை. அதற்கு முன்பே உள்ளே ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் கொள்ளை போய் விட்டன. புள்ளியைப் பார்த்த பிறகு ஓடுவது, வீடு எரிந்த பிறகு கிணறு வெட்டுவது போலத்தான்!

வைரஸ் ஓடுவதைப் படம் எடுத்தார்கள்

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஒரு குறை உண்டு. அதற்குள் காற்று இருக்கக் கூடாது. உயிருள்ள எதுவும் அதில் பிழைத்திராது. ஆகவே அது காட்டுவது எல்லாம் செத்த உயிரணுவின் படம். திருடன் நின்ற இடம் தெரியும். ஓடிய ஓட்டம் தெரியாது.

ஓட்டத்தைக் காட்டக் கை கொடுத்தது ஒரு கடல் பிராணி. மீனவர்கள் 'சொறி' என்று சொல்கிறார்களே, அந்த ஜெல்லி மீன்! அமெரிக்காவின் பசிபிக் கடற்கரையில் வாழும் ஒரு வகை ஜெல்லி மீன் பச்சையாக ஒளிரும். அந்த ஒளியைத் தரும் பொருளை ஜப்பானிய விஞ்ஞானி ஒசாமு ஷிமோமுரா கண்டுபிடித்து 1962-ல் அறிவித்தார். அதற்காக அவருக்கும் வேறு இருவருக்கும் 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பச்சை ஒளியை வைரஸோடு இணைத்து விட்டால், இருட்டில் மின்மினி போல அது தெரியும். உயிருள்ள உயிரணுவுக்குள் அது போவதையும் வருவதையும் சினிமாப் படம் போல எடுக்கலாம். அபே சொன்ன எல்லையையும் தாண்டி நுணுக்கமாகப் பார்க்கும் ஒளி மைக்ராஸ்கோப்புகளை உருவாக்கிய மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இப்படிப் படம் எடுத்தபோது ஓர் அதிசயம் தெரிந்தது. பெரியம்மைக்குத் தடுப்பாக அம்மை குத்தினார்களே, அந்த மருந்தில் இருப்பது 'வேக்சினியா' என்ற வைரஸ். அது ஓர் உயிரணுவில் புகுந்து பெருகி வெளியே வரப் பல மணி நேரம் பிடிக்கும். ஆனால் 75 நிமிஷத்துக்கு ஓர் உயிரணு வீதம் அது பரவிக் கொண்டே போயிற்று! கணக்குப்படி இருக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு வேகம். இது எப்படி?

லண்டன் இம்பீரியல் கல்லூரி விஞ்ஞானிகள் 2010-ல் விடை சொன்னார்கள். முதலில் புகுந்த வைரஸ், அந்த உயிரணுவின் வெளிச் சுவரில் ஓர் அடையாளம் வைத்து விடுகிறது. 'இந்த வீடு ஏற்கெனவே நம்முடையது' என்று கதவில் சுண்ணாம்புக் கோடு போடுவது போல! பின்னால் வரும் வைரஸ் அந்தச் சுவரில் இறங்கியதும், உயிரணு தன் உள்ளிருக்கும் இழைகளாலேயே அதை எட்டி உதைத்துத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட வைரஸ் அடுத்த வீட்டில் போய் விழுகிறது. அங்கும் அடையாளம் இருந்தால் அதற்கும் அடுத்த வீடு. இப்படி வீணாகக் காத்திராமல் புது வீடு தேடித் தாவித் தாவிப் போகிறது. அடையாளம் வைக்க முடியாதபடி வைரஸை மாற்றிப் பார்த்தார்கள். அதன் வேகம் குறைந்து விட்டது!

திருடன் எந்தச் சந்தில் ஓடுகிறான் என்று தெரிந்தால்தான் அந்தச் சந்தை அடைக்க முடியும். இந்த ஆராய்ச்சிகளின் பயன் அதுதான்.

ஐஸ் கம்பெனியில் தெரிந்த ரகசியம்

இன்னொரு முறையும் வந்திருக்கிறது. தூத்துக்குடியில் இறால் கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு அது உடனே புரியும்.

இறாலை மெல்ல மெல்ல உறைய வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஊசி ஊசியான பனிக்கட்டியாகிச் சதையைக் கிழித்து விடும். அதனால்தான் கம்பெனியில் அதிவேகமாகக் குளிரூட்டி உறைய வைக்கிறார்கள். விஞ்ஞானிகளும் அதையே செய்தார்கள். ஆனால் இன்னும் பல மடங்கு வேகத்தில்! வைரஸ் இருக்கும் தண்ணீரை, பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 180 டிகிரி குளிர்ந்த திரவத்தில் சட்டென்று முக்கினார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக நேரம் இல்லாமல் கண்ணாடி போல இறுகி விட்டது. உள்ளே இருந்த வைரஸ் இயற்கையான உருவத்தோடு அப்படியே நின்று விட்டது.

இந்த முறையை வகுத்த ழாக் துபோஷே, யோவாகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹென்டர்சன் ஆகிய மூவரும் 2017-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இப்போது ஒரு வைரஸின் மேலுள்ள முள் எப்படி வளைந்திருக்கிறது, அது உயிரணுவின் கதவை எப்படித் திறக்கிறது என்பது வரை பார்க்க முடிகிறது.

இறாலில் மட்டும் ஏன் கஷ்டம்?

இவ்வளவு கருவிகள் இருந்தும் இறால் வைரஸை ஆராய்வதில் ஒரு பெரிய முட்டுக்கட்டை உண்டு.

மனித உயிரணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஆண்டுக் கணக்காக வளர்க்கலாம். மீனின் உயிரணுக்களையும் வளர்க்கலாம். இறாலின் உயிரணுக்கள் மட்டும் பிடிவாதக் குழந்தை போல! பாத்திரத்தில் சில காலம் இருந்து விட்டு வளர மறுத்து விடுகின்றன. உலகமெங்கும் பல ஆராய்ச்சிச் சாலைகள் பல பத்தாண்டுகளாக இதோடு போராடி வருகின்றன.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு உலகப் பெயர் உண்டு. ராணிப்பேட்டை மாவட்டம் மேல்விஷாரத்தில் உள்ள சி. அப்துல் ஹக்கீம் கல்லூரிதான் அது. அங்கே டாக்டர் ஏ. எஸ். சாகுல் ஹமீதும் அவருடைய மாணவர்களும் வெண்புள்ளி வைரஸைப் பற்றி நிறைய ஆராய்ந்தார்கள். கொடுவா மீனின் உயிரணுக்களைப் பாத்திரத்தில் வளர்த்துக் காட்டினார்கள். நன்னீர் இறாலைத் தாக்கும் 'வெண்வால் நோய்' பற்றிய ஆராய்ச்சிக்கு உலகக் கால்நடை நல அமைப்பின் ஆதார நிலையமாக அந்தக் கல்லூரியின் ஆராய்ச்சிச் சாலை ஏற்கப்பட்டது. கடலில்லாத ஊரிலிருந்து கடற்கரைக்குக் கிடைத்த உதவி இது!

மருந்து இல்லை; ஆனால் வழி உண்டு

வெண்புள்ளி நோய்க்கு மருந்து உண்டா? நோய் கண்ட குட்டையைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. நமக்கு அம்மை குத்துவது போல இறாலுக்கு ஊசி போட்டுத் தப்ப வைக்கவும் முடிவதில்லை. நம் உடம்பைப் போல நோயை நினைவில் வைத்து எதிர்க்கும் சக்தி இறாலின் ரத்தத்தில் இல்லை.

ஆகவே ஒரே வழி, கொள்ளைக்காரன் வருவதற்கு முன்பே கதவை அடைப்பது!

அதற்கு உதவியது வைரஸின் துண்டுச் சீட்டு. அதில் சுமார் 3 லட்சம் எழுத்துக்கள் இருக்கின்றன. 2001-ம் ஆண்டில் நெதர்லாந்து விஞ்ஞானிகளும் சீன விஞ்ஞானிகளும் தனித்தனியே அதை முழுவதும் படித்து முடித்தார்கள். அந்த எழுத்தில் ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் 'பி.சி.ஆர்.' சோதனை. கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே சோதனை! ஒரு வரியை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, இப்படி 30 தடவை பெருக்கினால் 100 கோடிக்கு மேல் ஆகி விடும். ஒரு சில வைரஸ் இருந்தாலும் தப்பாது.

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் வெண்புள்ளி வைரஸைக் கண்டறியும் சோதனைப் பெட்டியை உருவாக்கியது. தாய் இறாலையும் குஞ்சையும் சோதித்து, நல்லது என்று தெரிந்த பிறகே குட்டையில் விடும் வழக்கம் வந்தது. 2009-ம் ஆண்டில், குறிப்பிட்ட நோய்கள் இல்லாத 'வனாமி' இறாலை வெளிநாட்டிலிருந்து கொண்டு வர அனுமதி கிடைத்தது. வந்து இறங்கும் தாய் இறால்களைத் தனியே வைத்துக் கண்காணிக்கச் சென்னை நீலாங்கரையில் ஒரு நிலையம் ஏற்பட்டது.

ஆனால் நல்ல குஞ்சை விட்டால் மட்டும் போதாது. நண்டு இந்த வைரஸைச் சுமந்து வரும். அதற்காகக் குட்டையைச் சுற்றி நண்டு ஏறாத வேலி போட வேண்டும். பறவைகள் ஒரு குட்டையில் செத்த இறாலைக் கொத்தி அடுத்த குட்டையில் போட்டு விடும். அதற்காக மேலே கயிறு கட்ட வேண்டும். அறுவடை முடிந்ததும் குட்டையை வெயிலில் வெடிக்கக் காய வைக்க வேண்டும். உள்ளே விடும் தண்ணீரைத் தேக்கிப் பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரியது நேர்மை. நோய் வந்து விட்டால் மதகைத் திறந்து தண்ணீரை ஓடையில் விடக் கூடாது. அந்தத் தண்ணீர்தான் பக்கத்துப் பண்ணைக்காரரின் வாய்க்காலில் ஏறும். முதலில் பிளீச்சிங் பவுடரால் வைரஸைக் கொன்று விட்டு, பக்கத்துப் பண்ணைகளுக்குச் சொல்லி விட வேண்டும். உயிரணு விட்டு உயிரணு தாவுவது வைரஸின் குணம். குட்டை விட்டுக் குட்டை தாவ வைப்பது மனிதனின் கவனக் குறைவு!

வீட்டில் இறால் சமைப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. வெண்புள்ளி வைரஸ் மனிதரைத் தாக்காது.

முத்துச் சிப்பிக்கு ஓர் எச்சரிக்கை

கடைசியாக முத்துக்கே திரும்புவோம்.

கடலில் முத்துக் குளிப்பு நின்று போனாலும், தூத்துக்குடியில் முத்து அடியோடு மறைந்து விடவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் 1973-ல் இங்கே சிப்பியை வளர்த்து அதற்குள் முத்தை விளைவித்துக் காட்டினார்கள். 1981-ல் சிப்பிக் குஞ்சுகளை ஆராய்ச்சிச் சாலையிலேயே பொரிக்க வைத்தார்கள்.

ஜப்பானியர் முத்து விளைவிக்கும் 'அகோயா' சிப்பி, நம் மன்னார் வளைகுடாச் சிப்பிக்கு மிக நெருங்கிய உறவு. 2019-ம் ஆண்டுக் கோடையில் அங்கே ஒரு துயரம் நடந்தது. இளஞ்சிப்பிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஓட்டுக்குள் இருக்கும் மெல்லிய சதைத் திரை சுருங்கிப் போயிற்று. முத்துக்குப் பளபளப்பைத் தருவதே அந்தத் திரைதான்! ஆராய்ந்து பார்த்ததில் அதற்குக் காரணம் ஒரு புதிய வைரஸ் என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டார்கள்.

அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது என்பதற்கும் ஜப்பானே சாட்சி. அதற்கு முன்பு 1996-ல் வேறொரு நோயில் அகோயாச் சிப்பிகள் மடிந்தன. அப்போது எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து விட்டு வைரஸ்தான் குற்றவாளி என்று சிலர் சொன்னார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் ஒரு பாக்டீரியாவைச் சுட்டிக் காட்டின. திருட்டு நடந்த தெருவில் நின்றவன் எல்லாம் திருடன் ஆகி விட மாட்டான் அல்லவா? படத்தோடு சோதனையும் சேர்ந்தால்தான் உண்மை வெளிவரும்.

தூத்துக்குடியில் 1977-ம் ஆண்டு முதல் மீன்வளக் கல்லூரி ஒன்று நடந்து வருகிறது. கடலோரத்துப் பிள்ளைகளும் அங்கே மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் படிக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார் மூச்சடக்கி மூழ்கிக் கடலின் அடியைக் கண்டார்கள். பேரப் பிள்ளைகள் ஓர் உயிரணுவின் அடியைக் காண்கிறார்கள்.

குட்டையின் கரையில் விளக்கோடு நின்ற பண்ணைக்காரருக்கு அன்று எதிரி யார் என்றே தெரியவில்லை. இன்று குஞ்சு வாங்கப் போகும் பண்ணைக்காரர், "சோதனைச் சீட்டு எங்கே?" என்று கேட்டு வாங்கிப் பார்க்கிறார். அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் நூறு ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. கேட்க மறந்தால், அத்தனையும் வீண்!